காட்டு யானைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு ஆய்வது எப்படி

2025 அக்டோபரில் வெளியான அகில இந்திய மதிப்பீடு, நாட்டில் 22,446 காட்டு யானைகள் இருப்பதாகவும் அவற்றில் 3,136 தமிழ்நாட்டில் இருப்பதாகவும் கூறியது. காடெங்கும் சேகரித்த சாணத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, எந்தச் சாணம் எந்த யானையுடையது என்று தனித்தனியாகப் பகுத்தறிந்து அந்த எண்ணிக்கை கணக்கிடப்பட்டது. இந்தியாவில் நாடு தழுவிய அளவில் இவ்வாறு செய்வது அதுவே முதல்முறை. ஆனால் ஒரு காட்டின் யானைகளைப் பற்றி உண்மையில் அறிய வேண்டியவற்றுள் பெரும்பாலானவை எண்ணிக்கைக்கு அப்பால் இருக்கின்றன. எந்தப் பெண் யானை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை ஈனுகிறது, பிறந்த கன்றுகளில் எத்தனை பிழைக்கின்றன, வளர்ந்த ஆண்களில் ஆண்டுதோறும் எத்தனை மறைகின்றன, யார் யாருடன் சேர்ந்து மேய்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு, ஒவ்வொரு யானையையும் மறுபடி கண்டால் அதுதான் என்று சொல்லத் தெரிந்தவரே பதில் காண முடியும். அதைக் கேமராவையும் குறிப்பேட்டையும் கொண்டு செய்ய விரும்பும் மாணவர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் வனத்துறைக் களப்பணியாளர்களுக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு, சத்தியமங்கலம் காடுகள் இணைந்த நீலகிரி வட்டாரத்திலிருந்தும், இலங்கையின் உடவளவை தேசியப் பூங்காவிலிருந்தும் வருகின்றன. ஆசிய யானைகள் வேறெங்கும் இல்லாத அளவில் பெருந்தொகையாக வாழ்வது நீலகிரியும் அதையொட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் சேர்ந்த பரப்பில்தான். எனினும் இந்த முறை பிறந்தது ஆப்பிரிக்காவில். 1960களில் தான்சானியாவின் மன்யாரா ஏரிப் பகுதியில் இயன் டக்ளஸ்-ஹாமில்டன் காதுகளையும் தந்தங்களையும் வைத்து யானைகளைப் பிரித்தறிந்தார். 1972இல் கென்யாவின் அம்போசெலியில் சிந்தியா மாஸ் தொடங்கிய பதிவு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. ஆப்பிரிக்க ஆண் யானைகளுக்கு மதம் பிடிப்பதில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அம்போசெலியில் ஜாய்ஸ் பூல் என்னும் ஆய்வாளர், பெயர் தெரிந்த ஆண்களுக்கு ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் கன்னச்சுரப்பி வழிவதையும் சிறுநீர் சொட்டுவதையும், அக்காலத்தில் அவற்றின் நடத்தை மாறுவதையும் தொடர்ந்து பதிந்தார். 1981இல் அவரும் மாஸும் அது மதமே என்று வெளியிட்டனர். யானைகளை மந்தையாக மட்டும் பார்த்திருந்தால், இன்று மதநீர் வழிய நிற்பதும் மூன்று மாதத்துக்கு முன் அமைதியாக நின்றதும் ஒரே யானை என்பது எவருக்கும் தெரிந்திருக்காது.

இடமும் காலமும் அனுமதியும்

இந்தியாவில் சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ ஆய்வு செய்ய, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி தேவை. இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. விண்ணப்பத்தில் யானையைத் தொடாமல், மயக்க ஊசி செலுத்தாமல், கழுத்துப்பட்டை மாட்டாமல் நிழற்படத்தால் மட்டுமே செய்யும் ஆய்வு என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பூங்காவுக்கு வெளியே, தேயிலைத் தோட்டத்தின் ஓரத்திலோ பொதுச் சாலையிலோ எடுக்கும் படங்களும் மதிப்புள்ளவையே என்பதால், அனுமதி வரும்வரை அங்கே கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது யானைகள் நிறைய இருக்கின்றனவா என்பதைவிட, அவற்றை முழுமையாகப் பார்க்க முடிகிறதா என்பதையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். உண்ணிச்செடி அடர்ந்த முதுமலையின் பல பகுதிகளில் யானையின் முதுகு மட்டும் தெரியும். காதும் வாலும் புதருக்குள் மறைந்துவிடும். கோடையில் கபினி அணையின் நீர் இறங்கி, கரையில் புல் தழைக்கும்போது நாகரஹொளேயிலிருந்தும் பந்திப்பூரிலிருந்தும் யானைகள் வெட்டவெளிக்கு வருவதால்தான், பெங்களூரின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த டி.என்.சி. வித்யா குழுவினர் 2009 முதல் அங்கே தொடர்ந்து ஆய்வு செய்ய முடிகிறது. உடவளவையின் புல்வெளிகளும் இத்தகையவையே. மத்திய ஆப்பிரிக்காவின் அடர்காட்டு யானைகளை ஆண்ட்ரியா டர்காலோ 1990 முதல் அறிந்துகொண்டது, அவை உப்பு மண் தேடி வரும் த்சங்கா என்ற திறந்தவெளியின் ஓரத்தில் மேடை அமைத்து உட்கார்ந்துதான். உங்கள் காட்டிலும் இப்படிப்பட்ட ஓர் இடம் இருக்கும்: கோடையில் வற்றாத குட்டை, உப்புத்தரை, மின்கம்பிப் பாதைக்காக வெட்டிய திறப்பு. அதை வரைபடத்தில் தேடாமல் வேட்டைத் தடுப்புக் காவலர்களிடம் கேளுங்கள். குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் சமூகங்களிலிருந்து வந்த காவலர்கள் பலர், நாம் அட்டவணை போட்டு அறிவதை நடையைப் பார்த்தே அறிபவர்கள். அவர்கள் ஒரு யானைக்கு இட்ட பெயரையும் அந்தப் பெயருக்கான காரணத்தையும் முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். அவர்களின் அறிவைப் பயன்படுத்திவிட்டு ஆய்வறிக்கையில் அவர்களுக்கு இடம் தராமல் விடுவது நேர்மையாகாது.

எதைப் பார்ப்பது

பழகாத கண்ணுக்கு யானைகள் எல்லாம் ஒன்றுபோல் தோன்றும். அதை மாற்றச் சிறந்த இடம் வளர்ப்பு யானை முகாம். முதுமலையின் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு தரும் வேளையில் ஓரமாக நின்று, ஒவ்வொன்றின் இரு காதுகளையும் பென்சிலால் வரைந்து, மறுநாள் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் அவற்றை அடையாளம் சொல்லிப் பாருங்கள். ஓவியத் திறமை தேவையில்லை. வரையும் கை, பார்க்கும் கண்ணை விளிம்பு விளிம்பாக நகரச் செய்கிறது என்பதுதான் இதன் பயன்.

ஆசிய யானையின் உடலில் அதிகச் செய்தி சொல்லும் உறுப்பு காது. முதலில் மேல்விளிம்பைப் பாருங்கள். இளம் யானையில் அது நிமிர்ந்து நிற்கும். வயது ஏற ஏற மடியும். சிலவற்றில் முன்னோக்கிச் சுருளும், சிலவற்றில் பின்னோக்கிச் சாயும், இடக்காது ஒருவிதமாகவும் வலக்காது மறுவிதமாகவும் மடிந்த யானைகளும் உண்டு. அடுத்து மேல்விளிம்பிலிருந்து பக்கவிளிம்பு வழியாகக் கீழே வந்து, அங்கே இரண்டாவது மடிப்பு இருக்கிறதா, விளிம்பு நேராக இறங்குகிறதா, அலையலையாக இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கீழ்நுனி: கூர்மையா, உருண்டையா, அகன்று சதுரமாக முடிகிறதா. இந்த மூன்றும் காதின் பொதுவடிவம். அதன்மேல் வாழ்க்கை எழுதிச் சென்ற குறிகள் வரும்: கிழிசல்கள், சிறு வெட்டுகள், துளைகள். கிழிசலைக் குறிக்கும்போது 'கிழிந்த காது' என்று எழுதினால் அது எவருக்கும் பயன்படாது. எந்தக் காது, மேலிருந்து எவ்வளவு தொலைவில், வடிவம் முக்கோணமா, அரைவட்டமா, ஆழம் எவ்வளவு என்று எழுத வேண்டும். இடம், வலம் என்பவை எப்போதும் யானையின் இடமும் வலமுமே, பார்ப்பவருடையவை அல்ல. இதைக் குழுவில் ஒருவர் மாற்றிக் கருதினாலும் கோப்பு முழுவதும் கெட்டுவிடும்.

ஆப்பிரிக்கப் புல்வெளி யானைகளின் அகன்ற காதுகளில் இரத்த நாளங்களின் ஓட்டமும் விளிம்புக் கிழிசல்களும் தெளிவாகத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு. நம் நிலை வேறு. தென்னிந்தியாவில் ஆண்களில் பெரும்பாலானவை கொம்பன்கள் என்பதால் தந்தம் நல்ல அடையாளம்: இரண்டும் இணையாக நீள்கின்றனவா, அகன்று விரிகின்றனவா, நுனியில் ஒன்றையொன்று நோக்கி வளைகின்றனவா, எது உயர்ந்திருக்கிறது, எது ஒடிந்திருக்கிறது என்று பதியலாம். தந்தமில்லாத ஆணான மக்னாக்களையும் பெண்களையும் பிரித்தறியக் காதையும் வாலையும் நாட வேண்டும். இலங்கையிலோ ஆண்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றுக்கே தந்தம் இருக்கிறது. ஆகவே உடவளவை ஆய்வாளர்களின் கோப்பு பெரிதும் காதையும் வாலையும் உடலமைப்பையும் நம்பியே கட்டப்பட்டது. நீலகிரியிலும் தந்தத்தை முதல் அடையாளமாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே சண்டையில் தந்தம் ஒடியும். அதை மட்டும் நம்பிய கோப்பில் அன்று ஒரு யானை செத்து இன்னொரு யானை பிறந்ததாகிவிடும்.

வாலைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் யானை திரும்பிப் போகும்போது நமக்குக் கிடைப்பது அதுதான். வால் முழங்காலுக்கு மேலே முடிகிறதா, கீழே இறங்குகிறதா, எங்காவது வளைந்து முறிந்திருக்கிறதா, நுனி கடிபட்டுப் போயிருக்கிறதா, நுனி மயிர் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். மயிர் உதிரும், முளைக்கும். எலும்பின் முறிவு மாறாது. முதுகின் வளைவு, நெற்றியின் மேடு, தோலில் நிலைத்த கட்டிகள், ஆறிய காயத்தின் வடு ஆகியவை துணைச் சான்றுகள். துதிக்கையின் அடியிலும் காதின் முன்பகுதியிலும் படரும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் அழகிய அடையாளம்தான். எனினும் அவை வயதோடு பரவும், சேறு பூசிய உடலில் மறைந்துபோகும். நிறம், மெலிவு, ஈரம், சேறு ஆகிய நான்கையும் அடையாளக் குறிப்பில் எழுதவே கூடாது. மெலிவை உடல்நிலைப் பகுதியில் எழுதலாம்.

சில யானைகள் எந்த அட்டவணையும் வேண்டாத அளவுக்குத் தெளிவானவை. மசினகுடியில் ரிவால்டோ என்று அழைக்கப்பட்ட ஆண் யானைக்குத் துதிக்கையின் நுனி இல்லை. 2021 மே மாதம் கரால் எனப்படும் மரக்கூண்டில் அடைக்கப்பட்டு ஆகஸ்டில் காட்டில் விடப்பட்ட பின், அது மீண்டும் தன் பழைய பகுதிக்குத் திரும்பியபோது எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆய்வின் தரத்தைத் தீர்மானிப்பவை இத்தகைய யானைகள் அல்ல. கிழிசலற்ற காதும் முழு வாலும் கொண்ட பன்னிரண்டு வயதுப் பெண் யானைகளை நீங்கள் எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறீர்கள் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது.

படம் எடுத்தல்

ஒவ்வொரு யானைக்கும் குறைந்தது ஐந்து கோணங்கள் வேண்டும்: நேர்முகம், இடப்பக்கம், வலப்பக்கம், பின்புறம், காது விரிந்த நிலை. கடைசியானது பொறுமையைக் கேட்கும். யானை காதை முழுவதும் விரித்து அசையாமல் நிற்பது பெரும்பாலும் உங்களைக் கண்டு கலங்கியபோதுதான். அந்தப் படத்துக்காக அதைச் சீண்டுவது ஆய்வு அறத்துக்கு எதிரானது, உயிருக்கும் ஆபத்தானது. வெயில் ஏறிய வேளையில் உடலைக் குளிர்விக்க அது காதை ஓயாமல் வீசும். அப்போது தொடர்படமாக எடுத்தால் விரிந்த நிலை ஒன்றாவது கிடைக்கும். முந்நூறு மில்லிமீட்டருக்குக் குறையாத லென்ஸ் போதும். யானை மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினாலோ, துதிக்கை நுனி உங்கள் பக்கம் நீண்டாலோ, முன்காலை ஊசலாட்டினாலோ தொலைவு போதவில்லை என்று பொருள், வண்டியைப் பின்னெடுங்கள். மதநீர் வழியும் ஆணையும் பிறந்த கன்றுள்ள கூட்டத்தையும் நெருங்க வேண்டாம். காட்டுக்குள் நடந்து சென்று இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஒரு கூட்டத்தைப் படமெடுக்கும்போது, ஒரு யானையை எல்லாக் கோணத்திலும் முடித்த பின்பே அடுத்ததற்குச் செல்லுங்கள். இடையில் வெறும் வானத்தையோ தரையையோ ஒரு படம் எடுத்துக்கொண்டால், இரவில் கோப்பைப் பிரிக்கும்போது எங்கே ஒரு யானை முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்பது தெளிவாக இருக்கும். கேமராவின் நேரத்தையும் ஜிபிஎஸ் கருவியின் நேரத்தையும் காலையில் ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். தானியங்கிக் கேமராக்கள் இரவில் வரும் ஆண்களைக் காட்டித்தரும். அவற்றை எதிரெதிராக இணையாக வைத்தால்தான் இரு பக்கமும் பதியும். ஒரு பக்கம் மட்டும் பதிந்த யானையை, மறுபக்கம் மட்டும் பதிந்த யானையோடு ஒப்பிட வழியே இல்லை.

ஒன்றா, வேறா

முறையின் உயிர் இந்த முடிவில்தான் இருக்கிறது. தவறு இருவகைப்படும். ஒரே யானையை இரண்டாக எண்ணினால் கூட்டம் பெருகியதாகத் தோன்றும். அதோடு முன்பு பதிந்த எண் மறுபடி காணக் கிடைக்காமல், நடக்காத ஒரு மரணமும் கணக்கில் ஏறும். இரண்டு யானைகளை ஒன்றாக எண்ணினால், அவற்றில் ஒன்று உண்மையிலேயே செத்தாலும் மற்றது தொடர்ந்து காணப்படுவதால் அந்த மரணம் மறைந்துபோகும். வேட்டையோ மின்வேலியோ ஆண்களைக் கொன்றுவரும் காட்டில் இரண்டாவது தவறு மிகக் கொடியது.

ஆகவே, ஒன்றையொன்று சாராத மூன்று அடையாளங்களேனும் பொருந்தாமல் இதுவே அது என்று எழுதாதீர்கள். ஒரே காதின் மடிப்பும் நுனியும் இரண்டு அடையாளங்களாகலாம். ஒரே விபத்தில் உண்டான இரு கிழிசல்கள் ஒன்றாகவே கருதத்தக்கவை. பொருத்தங்களைத் தேடுவதற்கு முன் முரண்களைத் தேடுங்கள். சென்ற ஆண்டுப் படத்தில் வலக்காதில் துளை இருந்து, இந்த ஆண்டு அங்கே முழுத்தோல் இருந்தால், மற்ற எல்லாம் பொருந்தினாலும் அது வேறு யானை. துளை விளிம்பு வரை கிழிந்து வெட்டாக மாறலாம். வெட்டு மீண்டும் துளையாகாது. மேல்மடிப்பு கூடலாம், மடிந்த காது நிமிராது. காலம் எந்தத் திசையில் உடலை மாற்றும் என்ற இந்த அறிவுதான் பொருத்தத்தையும் முரணையும் பிரித்துக் காட்டுகிறது.

இருவர் தனித்தனியாகப் பார்த்து, ஒருவர் முடிவை மற்றவர் அறியாமல் எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகாதவை 'ஐயம்' என்ற தனிக் கோப்புறைக்குப் போகட்டும். அந்தக் கோப்புறை பெருத்திருப்பதில் வெட்கமில்லை. அது காலியாக இருக்கும் ஆய்வையே நான் நம்பத் தயங்குவேன். காதின் வடிவத்தைக் குறியீடுகளாக்கித் தேடும் முறைகளும், படங்களை ஒப்பிடும் கணினி நிரல்களும் இன்று உள்ளன. நூற்றுக்கணக்கான யானைகளில் பொருந்தக்கூடிய பத்தை முன்னே எடுத்து வைப்பது அவற்றின் வேலை. முடிவு மனிதக் கண்ணுடையதாகவே இருக்கட்டும்.

பதிவேடு

பெயரா, எண்ணா என்ற வாதம் தேவையற்றது, இரண்டும் வேண்டும். எண் மாறாதது, அட்டவணைக்குரியது. பெயர் களத்தில் வாயால் சொல்ல எளிது. அம்போசெலியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்துக் குறியீடு தந்து, அதன் உறுப்பினருக்கு அதே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைத்தார்கள். எக்கோ என்ற புகழ்பெற்ற பெண் யானையின் குடும்பம் அப்படித்தான் அறியப்பட்டது. ஆசிய யானைகளின் குழுக்கள் பிரிந்து சேர்ந்துகொண்டே இருப்பதால், குடும்பம் எது என்று தெரிய ஆண்டுகள் ஆகும். எனவே தொடக்கத்தில் குடும்பக் குறியீடு வேண்டாம். பாலினமும் தொடரெண்ணும் போதும்.

மாதிரிக்கு ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: 'பெண் 41. வளர்ந்தது. இடக்காது மேல்விளிம்பு முன்னோக்கிச் சுருள். வலக்காது மேல்விளிம்பு பின்னோக்கிச் சாய்வு. வலக்காதின் பக்கவிளிம்பில் பாதி உயரத்தில் முக்கோண வெட்டு. கீழ்நுனிகள் இரண்டும் கூர்மை. வால் முழங்காலுக்குக் கீழே, நுனிக்குச் சற்று மேலே இடப்புறம் முறிந்த வளைவு. கன்று ஒன்று, ஒரு வயதுக்குள்.' இதோடு முதன்முதலாகக் கண்ட நாள், இடம், படங்களின் எண்கள், அடையாளம் கண்ட இருவரின் பெயர் ஆகியவை சேர வேண்டும். புதிய கிழிசல் தோன்றினால் பழைய குறிப்பை அழிக்காமல், நாளிட்டுக் கீழே எழுதுங்கள்.

காணும் நிகழ்வுகளுக்கு வேறோர் அட்டவணை தேவை: நாள், நேரம், இடம், கூட்டத்தில் மொத்தம் எத்தனை, அவற்றில் அடையாளம் கண்டவை எவை, கண்டும் அடையாளம் காண முடியாதவை எத்தனை. கடைசி எண்ணைப் பலர் எழுதாமல் விடுகிறார்கள். அது இல்லாமல் 'இந்தக் கூட்டத்தில் பெண் 41 இல்லை' என்று ஒருபோதும் சொல்ல முடியாது. யானையே தென்படாத நாளையும், களத்தில் செலவிட்ட நேரத்தோடு பதியுங்கள்.

வயதும் பாலினமும்

தாயின் வயிற்றுக்கு அடியில் நிமிர்ந்து நடக்க முடிந்தால் கன்றுக்கு ஒரு வயதுக்குள் என்று கொள்ளலாம். அதற்கு மேல், கூட்டத்திலுள்ள வளர்ந்த பெண்ணின் தோள் உயரத்தோடு ஒப்பிட்டு, ஒன்று முதல் ஐந்து, ஐந்து முதல் பதினைந்து, அதற்கு மேல் என்று வகுப்பது நடைமுறைக்கு உகந்தது. முன்காலடித் தடத்தின் சுற்றளவை இரட்டித்தால் ஏறத்தாழத் தோள் உயரம் கிடைக்கும் என்ற பாகர்களின் கணக்கு ஆய்விலும் செல்லுபடியாகிறது. வளர்ந்த பெண்களின் வயதை ஆண்டு துல்லியமாகச் சொல்ல முயல வேண்டாம். உங்கள் கண்முன் பிறந்த கன்றின் வயது மட்டுமே உறுதியானது. பத்தாண்டு தொடர்ந்தால் அத்தகைய யானைகளே உங்கள் அளவுகோலாகும்.

மக்னாவைப் பெண்ணாகப் பதிவது தொடக்கநிலையில் அடிக்கடி நேரும் பிழை. ஆணின் துதிக்கை அடி பருத்திருக்கும், பின்புறம் சரிந்திறங்கும். பெண்ணின் பின்புறம் பெட்டிபோல் செங்குத்தாக இறங்கும், முன்கால்களுக்கு இடையில் மடி தெரியும். பாலின விகிதத்தைப் பிழையின்றிப் பதிவது ஏன் இன்றியமையாதது என்பதற்குக் கேரளத்தின் பெரியாறு காடு சான்று: தந்த வேட்டையால் 1980களின் இறுதியில் அங்கே ஏறத்தாழ நூறு வளர்ந்த பெண்களுக்கு ஓர் ஆண் என்ற நிலை இருந்தது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த அழிவு தெரிந்திருக்காது.

யார் யாருடன்

எவ்வளவு தொலைவுக்குள் இருப்பவை ஒரே கூட்டம் என்பதை ஆய்வின் தொடக்கத்திலேயே வரையறுத்து, பிறகு மாற்றாதிருங்கள். இரு யானைகளின் பிணைப்பை அளக்க எளிய விகிதம் ஒன்று உண்டு: இரண்டும் சேர்ந்து காணப்பட்ட தடவைகளை, இரண்டில் ஏதேனும் ஒன்றாவது காணப்பட்ட மொத்தத் தடவைகளால் வகுக்க வேண்டும். இருபது தடவைகளில் எட்டு தடவை சேர்ந்திருந்தால் 0.4. ஒவ்வோர் இணைக்கும் கணிசமான தடவைகள் சேரும்வரை இந்த எண்ணுக்குப் பொருளில்லை.

பொறுமைக்குப் பலன் உண்டு. ஷெர்மின் டி சில்வா குழுவினர் உடவளவையில் பார்த்தபோது, ஒரு பருவத்துக்குள் பெண் யானைகளின் தோழமை நிலையற்றதாகத் தோன்றியது. பல பருவங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பிரிந்தவை மீண்டும் சேர்வதும் உறவுகள் நீடிப்பதும் புலப்பட்டன. கபினியிலும் ஒரு நேரத்தில் காணும் குழு சிறியதாகவும், அக்குழுக்கள் பிரிந்து சேரும் குலம் அதைவிடப் பெரியதாகவும் இருப்பது தெரியவந்தது. ஒரே ஓர் ஆண்டுப் பதிவை வைத்து 'இக்கூட்டத்தின் தலைவி இவள்' என்று எழுதாதிருக்க இவை போதிய காரணம்.

எண்ணிக்கைக்கு வருதல்

புதிதாக அடையாளம் காணும் யானைகளின் எண்ணிக்கையை வாரந்தோறும் வரைபடமாக இடுங்கள். கோடு ஏறிக்கொண்டே இருந்தால் உங்களுக்குத் தெரியாத யானைகள் இன்னும் நிறைய உள்ளன. அது படுக்கையானால் பெரும்பாலானவற்றைக் கண்டுவிட்டீர்கள். பெண்களின் கோடு முதலில் படுக்கும். ஆண்களின் கோடு ஏறிக்கொண்டே போகும், ஏனெனில் அவை தொலைவிலிருந்து வந்து போகின்றன. இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக வரைவது உண்மையை மறைத்துவிடும்.

மொத்தத்தை மதிப்பிட, ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 60 பெண்களை அடையாளம் கண்டீர்கள். இரண்டாம் சுற்றில் 50 பெண்களைக் கண்டதில் 40 பேர் ஏற்கெனவே அறிந்தவர்கள். அறுபதை ஐம்பதால் பெருக்கி நாற்பதால் வகுத்தால் 75. இடையில் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி பெரிதாக இல்லை என்பதும், எல்லா யானைகளும் கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதும் இக்கணக்கின் அடித்தளம். அறிந்த யானைகளில் ஐந்தை நீங்கள் அடையாளம் காணத் தவறினால், பொருந்தியவை 35 ஆகி, மொத்தம் 86 ஆகிவிடும். ஐந்து பிழைகள் இல்லாத பதினொரு யானைகளை உண்டாக்குகின்றன. மறுபுறம், வண்டிப் பாதையோரம் பழகிய யானைகளையே திரும்பத் திரும்பக் கண்டால் மதிப்பீடு உண்மையைவிடக் குறைந்துவிடும். பல ஆண்டுப் பதிவுகளுக்கு இதைவிட விரிந்த புள்ளியியல் முறைகள் உள்ளன. அவற்றுக்குப் புள்ளியியல் அறிந்தவரைத் தொடக்கத்திலேயே கூட்டுச் சேருங்கள். உடவளவையில் இத்தகைய முறையால், அந்த 308 சதுர கிலோமீட்டர் பூங்காவைப் பயன்படுத்தும் யானைகள் 804 முதல் 1,160 வரை இருக்கலாம் என்று 2011இல் வெளியிட்டார்கள். ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் வீச்சாகச் சொன்ன அந்த நேர்மையைப் பின்பற்றுங்கள்.

பார்வை எட்டாத அடர்காட்டில் சாணத்தின் மரபணு கைகொடுக்கும். புதிய சாணத்தின் மேற்படலத்தில் குடலின் செல்கள் ஒட்டியிருக்கும். அதிலிருந்து தனி யானையையும் பாலினத்தையும் அறியலாம், உறவுமுறையையும் ஆராயலாம். செலவு அதிகம், ஆய்வகம் வேண்டும். யார் யாருடன் நின்றார்கள் என்பதை அது சொல்லாது.

மறைந்தவையும் பகிர்வும்

பிணத்தைக் காணாமல் எந்த யானையையும் இறந்ததாக எழுத வேண்டாம். ஒரு பெண் யானை தன் வழக்கமான தோழிகளோடு இல்லாமல் அவை மட்டும் பலமுறை காணப்பட்டால், 'இறந்திருக்கலாம்' என்று நாளிட்டு எழுதலாம். ஆண்களுக்கு இந்த விதி செல்லாது. ஓராண்டு காணாத ஆண் அடுத்த கோடையில் வந்து நிற்கும். வனத்துறையினர் யானையின் பிணத்தைக் கண்டால் காதையும் வாலையும் படமெடுத்துத் தருமாறு முன்கூட்டியே கேட்டு வையுங்கள். சில நாட்களில் உருச்சிதைந்துவிடும் என்பதால் முதல் நாளின் படமே உதவும்.

யானைக்கு மாநில எல்லை கிடையாது. 2023இல் கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்டுப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற ஆண் யானை ஒரு மாதத்துக்குள் தமிழ்நாட்டின் கம்பம் நகருக்கு வந்ததை ரேடியோ கழுத்துப்பட்டை காட்டித்தந்தது. பட்டையில்லாத நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு, அண்டைக் காட்டில் பணிபுரிவோரின் கோப்பும் உங்கள் கோப்பும் ஒரே சொற்களில், ஒரே இட-வல முறையில் எழுதப்பட்டிருப்பதே பட்டை. ஆண்டுக்கு ஒருமுறை ஆண்களின் பக்கங்களை மட்டுமேனும் பரிமாறிக்கொள்ளுங்கள். அதே வேளை, தந்தத்தின் நீளமும் அந்த யானை நீர் அருந்தும் குட்டையின் இடமும் ஒரே பக்கத்தில் இருக்கும் கோப்பு வேட்டைக்காரர் கையில் சிக்கினால் அந்த யானைக்கு அதுவே எமன். எனவே அடையாள அட்டவணையையும் இட அட்டவணையையும் தனித்தனிக் கோப்புகளாக, வெவ்வேறு கடவுச்சொல்லோடு வைத்திருங்கள். பொதுவெளியில் படம் இடும்போது அதில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் தகவலை நீக்கிவிடுங்கள். பெரிய கொம்பன்களின் படங்களை அந்தப் பருவம் முடிந்து அவை இடம் மாறிய பின்பே வெளியிடுங்கள். முழுக் கோப்பின் ஒரு படி வனத்துறையிடமும், இன்னொன்று உங்களுக்குப் பின் இந்தப் பணியை ஏற்கக்கூடியவரிடமும் இருக்கட்டும்.